டிரேசருக்கு வைத்த சந்தனம்

ஆயுத பூஜை அன்று என் மனைவி எதற்கெல்லாம் பொட்டு வைக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை வேண்டும் என்று வருஷா வருஷம் சொல்லிப் பார்க்கிறேன். டிரில்லிங் மிஷினுக்கு வைக்கட்டும், கட்டிங் பிளேயருக்கு வைக்கட்டும், ஏணியின் ஒவ்வொரு படிக்கும் வைக்கட்டும், நான் ஏன் என்று கேட்கப் போவதில்லை. ஆனால் போன வருஷம் என்னுடைய டிரேசரின் ஸ்பீக்கர் ஓட்டைகள் மேலேயே, கெட்டியாகக் குழைத்த சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமமும் வைத்துவிட்டாள். அவ்வளவு பெரிய சாமானில் வேறு இடமா இல்லை? சத்தம் வருகிற இடத்தில்தான் வைக்க வேண்டுமா? கேட்டதற்கு, "அதுதான் மூஞ்சி மாதிரி இருந்திச்சு" என்றாள்.

டிரேசர் என்றால் பெரிய சமாசாரம் ஒன்றும் இல்லை. மொத்தம் இரண்டு சாமான். ஒன்று கைக்கு அடக்கமான ஒரு டப்பா. அதை வயரின் ஒரு முனையில் மாட்டினால் வயருக்குள் ஒரு சத்தத்தை அனுப்பும். இன்னொன்று மூக்கு நீண்ட ஒரு குச்சி. மறுமுனையில் எத்தனை வயர் கட்டுக்கட்டாகக் கிடந்தாலும், குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனால், சரியான வயரிடம் வந்ததும் குச்சி 'கீய்ங் கீய்ங்' என்று கத்தும். பக்கத்து வயர்களிடமும் லேசாகக் கத்தத்தான் செய்யும். சரியான வயரிடம் தொண்டை கிழியக் கத்தும். இந்த இரண்டு கத்தலுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காதால் பிரித்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. விழுப்புரத்தில் வீடும் சின்னதாக ஒரு கடையும் வைத்துக்கொண்டு, திண்டிவனம் வரைக்கும் இருபது வருஷத்துக்கு மேலாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

இந்தத் தொழிலில் இருந்துகொண்டு ஒருவனுக்குக் கோபம் வரவில்லை என்றால் அவனை டாக்டரிடம் காட்ட வேண்டும். கட்டடம் கட்டும்போது பெட்டி பெட்டியாக ஒரே சாம்பல் நிற வயரை வாங்கி, கம்ப்யூட்டருக்கும் அதையே, கேமராவுக்கும் அதையே, இன்டர்காமுக்கும் அதையே இழுத்துவிடுவார்கள். பெயிண்ட் அடிப்பவர் சுவரோடு சேர்த்து சாக்கெட்டுக்கும் ஒரு கோட்டிங் கொடுப்பார். எலக்ட்ரீஷியன் பைப்பை மிச்சம் பிடிக்கிறேன் என்று கரண்ட் வயரையும் நம்முடைய வயரையும் ஒன்றாக விடுவார். ஒருநாள் எல்லாம் நின்றுபோனதும் எனக்கு போன் வரும்: "ஒரே ஒரு வயருதான் சார், அஞ்சு நிமிஷ வேலை." அஞ்சு நிமிஷ வேலை என்று கூப்பிட்ட எந்த இடத்திலிருந்தும் நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் வெளியே வந்ததில்லை. அதனாலேயே, நான் வேலை பார்க்கும் இடங்களில் எந்த வயர் எங்கே போகிறது என்று என் கையால் லேபிள் எழுதி ஒட்டிவிட்டுத்தான் வருவேன். லேபிள் இருந்தால் டிரேசருக்கு வேலையே இல்லை.

இனிமேல் சொல்வதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்குக் காது போய்க்கொண்டிருந்தது.

ஒரேயடியாகப் போகவில்லை. இருபது வருஷம் ஏணிமேல் நின்று, சுவரில் ஓட்டை போடும் மிஷினை வலது காதுக்குப் பக்கத்தில் வைத்து ஓட்டினால் என்ன ஆகுமோ அது ஆகிக்கொண்டிருந்தது. தடித்த குரல்கள் கேட்டன. லாரி ஹாரன் கேட்டது. மெல்லிய சத்தங்கள்தான் சொல்லாமல் கொள்ளாமல் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. முதலில் கொசு. சத்தத்தைக் காணோமே, கொசு ஒழிந்தது என்று நான் சந்தோஷப்பட்டேன். கடி மட்டும் நிற்கவில்லை. பிறகு மெதுவாகப் பேசும் பெண்களின் குரல். பாண்டிச்சேரியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் என் மகளுடைய குரல் எல்லாவற்றையும்விட மெல்லியது. அவள் போன் செய்தால், "நல்லா இருக்கியாம்மா? இரு, அம்மாகிட்ட தர்றேன்" என்று மனைவியிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். கடைசியாக டிரேசரின் சத்தமும் தேய ஆரம்பித்தது.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சத்தத்தை வைத்து வயர் கண்டுபிடிக்கிறவனுக்குச் சத்தமே கேட்காது என்றால் அப்புறம் எவன் கூப்பிடுவான்? லைட் எரிந்து காட்டுகிற டிரேசர்கூடக் கடைக்கு வந்துவிட்டது. நான் வாங்கவில்லை. வாங்கினால் ஏன் மாற்றினீர்கள் என்று யாராவது கேட்பார்களே என்று பயம். அதற்குப் பதிலாக வேறு ஒரு வழி கண்டுபிடித்தேன். காதில் விழாததற்கெல்லாம் "சரி சரி" என்று தலையாட்டுவது. பாதிக்கு மேல் அதுவே சரியான பதிலாக அமைந்துவிடும். மிச்ச இடங்களில் எரிந்து விழுவேன். 'எப்பவும் சிடுசிடுன்னு இருக்கிற ஆளு' என்று பேர் வந்தது. செவிடன் என்ற பேருக்கு அது எவ்வளவோ மேல் என்று அதையும் வைத்துக்கொண்டேன்.

மனைவிக்கு மட்டும் சந்தேகம் இருந்தது. "காதைக் கொஞ்சம் காட்டுங்களேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். "காதெல்லாம் நல்லாதான் இருக்குது, நீதான் வாய்க்குள்ளயே பேசற" என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

போன வருஷம் அந்த ஆயுத பூஜைக்கு மறுநாள், விஜயதசமி அன்று காலையில் தட்டில் இட்லி விழும்போது போன் வந்தது. திண்டிவனத்தில் எனக்கு வருஷ கான்ட்ராக்ட் கொடுத்திருந்த மூன்று மாடித் தனியார் மருத்துவமனையின் மேனேஜர். அவர் போன் இல்லாமல் பேசினாலே விழுப்புரத்துக்குக் கேட்கும் என்பதால் அவரிடம் எனக்குப் பிரச்சினை இல்லை.

"சார், நேத்திலிருந்து ஒண்ணுமே வேலை செய்யல. பில் போட முடியல, லேப் ரிப்போர்ட் வரல, எக்ஸ்ரே எடுத்தா டாக்டர் ரூம்ல படம் வர மாட்டேங்குது. ஒரே பேஜாரா இருக்குது. அஞ்சு மணிக்கு ஓ.பி. ஆரம்பிக்கணும். ஜல்தியா வாங்க. மெட்ராஸ் பார்ட்டி ஒருத்தர் கார்டு குடுத்துட்டுப் போயிருக்காரு, அவரைக் கூப்பிடட்டுமான்னு டாக்டர் கேக்கறாரு."

இட்லியை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினேன். எனக்கு உதவிக்கு வருகிறவர் லீவுக்கு வளவனூரில் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தார். போனை அணைத்துவைத்திருந்தார். மாமியார் வீட்டில் போனை அணைத்துவைக்கிற அளவுக்கு அப்படி என்ன விருந்தோ தெரியவில்லை. பைக்கில் தனியாகப் போனேன். வழியெல்லாம் முந்தின நாள் திருஷ்டிக்கு உடைத்த பூசணிக்காய் நடுரோட்டில் சிதறிக் கிடந்தது. யாருடைய திருஷ்டியோ கழிய வேண்டும் என்பதற்காக நான் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொள்ள வேண்டுமா என்று திட்டிக்கொண்டே வளைத்து வளைத்து ஓட்டினேன்.

மருத்துவமனையில் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சின்ன அறையில்தான் வயர்களும் பெட்டிகளும் மாட்டிய ரேக் இருக்கிறது. மூன்று மாடியிலிருந்தும் வருகிற வயர்கள் எல்லாம் சுவர் வழியாக இறங்கி, ரேக்கில் ஒரு பலகையின் பின்பக்கம் வந்து முடியும். பலகையின் முன்பக்கம் இரண்டு வரிசை ஓட்டைகள். வயர் வராத ஒன்றிரண்டைத் தவிர ஒவ்வொரு ஓட்டைக்கு மேலும் 'லேப்', 'எக்ஸ்ரே', 'இரண்டாம் மாடி கேமரா' என்று என் கையெழுத்தில் லேபிள் இருக்கும். அந்த ஓட்டைகளிலிருந்து கீழே இருக்கும் மூன்று பெட்டிகளுக்குக் குட்டி வயர்கள் போகும். ஒரு பெட்டி கம்ப்யூட்டர்களுக்கு, ஒன்று கேமராக்களுக்கு, ஒன்று இன்டர்காமுக்கு. எந்த ஓட்டை எந்தப் பெட்டிக்கு என்பது மாறினால் எல்லாம் போச்சு.

கதவைத் திறந்ததும் எனக்குக் கண் கூசியது. ரேக் அப்படிப் பளபளத்தது. மேலே சாமந்திச் சரம். மூன்று பெட்டிக்கும் விபூதிப் பட்டை. பலகையில் ஒவ்வொரு ஓட்டைக்கு மேலும், என்னுடைய லேபிள் இருந்த இடத்தில், ஒரு சந்தனப் பொட்டு. முப்பத்து நான்கு ஓட்டை, முப்பத்து நான்கு பொட்டு. லேபிள் ஒன்றுகூட இல்லை.

"சூப்பரா இருக்குது இல்ல சார்?" என்றார் மேனேஜர். "நேத்து காலையில அல்லாத்தையும் கழட்டி, தொடச்சி, அழுக்கு டேப்பையெல்லாம் பிச்சிட்டு, திருப்பி மாட்டி, பூஜை போட்டோம். அதுக்கப்புறந்தான் வேலை செய்யல."

அந்த 'அதுக்கப்புறந்தான்' என்ற சொல்லை அவர் சொன்ன விதத்தில் ஓர் ஆச்சரியம் இருந்தது. சாமி கும்பிட்டும் இப்படி ஆகிவிட்டதே என்கிற ஆச்சரியம். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தச் சாமந்திச் சரத்தைப் பிய்த்து எறிந்திருப்பேன்.

"யாரு பிச்சது?"

மேனேஜர் பக்கத்தில் நின்ற அம்மாவைக் காட்டினார். மருத்துவமனையில் கூட்டித் துடைக்கும் வேலை செய்கிறவர். நாற்பத்தைந்து வயது இருக்கும், கழுத்தில் சிலுவை தொங்கும் ஜெபமாலை, கையில் மாப்பு. அவர் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். அந்த அறையில் பழைய ஏ.சி. ஒரு பக்கம், யூ.பி.எஸ். ஒரு பக்கம் இரைந்துகொண்டிருந்தன. வாய் அசைந்தது தெரிந்தது, ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. மன்னிப்புக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு, "சரி சரி" என்றேன். அவர் மேனேஜர் ரூம் பக்கமாகக் கையைக் காட்டி மறுபடியும் ஏதோ சொன்னார். "அதெல்லாம் ஒண்ணும் வேணாம், நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன். அவர் போய்விட்டார்.

லேபிள் இல்லை என்றால் டிரேசர்தான். டப்பாவை எடுத்துக்கொண்டு முதல் மாடி ஏறி, லேப் சாக்கெட்டில் மாட்டிவிட்டு, கீழே இறங்கி வந்து, குச்சியால் முப்பத்து நான்கு ஓட்டையையும் தொட்டேன். ஒன்றிலும் சத்தம் இல்லை. குச்சியைத் திருப்பிப் பார்த்தால் ஸ்பீக்கர்மேல் சந்தனம். அப்பாடா, காரணம் கிடைத்துவிட்டது. வீட்டுக்கு போன் போட்டு, "ஸ்பீக்கர் மேல யாராவது சந்தனம் வெப்பாங்களா, அறிவில்ல?" என்று கத்தினேன். அவள் ஏதோ நீளமாகப் பதில் சொன்னாள். "சரி, வெச்சிட்றேன்" என்று வைத்துவிட்டேன். நர்ஸிடம் ஊக்கு ஒன்று வாங்கி, உட்கார்ந்து, ஓட்டை ஓட்டையாகச் சந்தனத்தைக் குத்தி எடுத்தேன். அரைமணி நேரம் ஆனது. மறுபடியும் தொட்டுப் பார்த்தேன். எங்கோ ஒரு இடத்தில் லேசாக ஏதோ கேட்ட மாதிரி இருந்தது. பேட்டரி என்று நினைத்துக்கொண்டு வெளியே கடைக்குப் போய்ப் புது பேட்டரி வாங்கிப் போட்டேன். அப்படியேதான் இருந்தது.

மேலேயும் கீழேயும் நான்கு தடவை ஏறி இறங்கியதில் முட்டி பேச ஆரம்பித்தது. மேனேஜர் வந்து பார்த்துவிட்டு, "தனியா கஷ்டப்பட்றீங்களே" என்று அந்த அம்மாவையே எனக்கு உதவிக்கு அனுப்பினார். வேறு ஆள் கிடைக்கவில்லையா என்று வாய்வரை வந்தது. லேபிளைப் பிய்த்தவரையே வைத்து வயர் தேட வேண்டிய நிலைமை. டப்பாவை அவரிடம் கொடுத்து எப்படி மாட்டுவது என்று காட்டினேன். "ஒவ்வொரு ரூமா போய் மாட்டுங்க. மாட்டினதும் எனக்கு மிஸ்டு கால் குடுங்க. வேற எதுவும் பேச வேணாம், மிஸ்டு கால் போதும்" என்றேன். போனில் அவர் பேசினால் எனக்குக் கேட்காது, அதுதான் விஷயம். மிஸ்டு கால் என்றால் பாக்கெட்டில் அதிரும். அதைக்கூட ஏதோ பெரிய வேலை நுணுக்கம் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னேன்.

மத்தியானம் ஒரு மணி வரைக்கும் இப்படியே போனது. குச்சியின் ஸ்பீக்கரை இடது காதோடு அழுத்தி வைத்துக்கொண்டு, முகத்தைப் பலகையில் தேய்த்துக்கொண்டு, ஐந்து ஓட்டைகள் கண்டுபிடித்தேன். அதில் இரண்டு சந்தேகம். என் கன்னமெல்லாம் சந்தனம். மேனேஜர் ஒரு தடவை எட்டிப் பார்த்து, "எத்தனை ஆச்சு சார்?" என்றார். "ஆவுது ஆவுது" என்றேன். அவர் போன பிறகு தொட்ட ஓட்டைகளையே திரும்பத் திரும்பத் தொட்டேன். பயத்தில்தான். இந்தக் கான்ட்ராக்ட் போனால் இன்னொன்று பிடிக்கலாம். ஆனால் 'அந்த ஆளுக்கு ஒரு வயர் கண்டுபிடிக்கத் தெரியல' என்று திண்டிவனத்தில் ஒரு இடத்தில் பேச்சு கிளம்பினால் அது எனக்கு முன்னால் விழுப்புரம் போய்ச் சேர்ந்துவிடும்.

அடுத்தது எக்ஸ்ரே ரூம். மிஸ்டு கால் வந்தது. எல்லா ஓட்டையையும் தொட்டேன். ஒன்றும் இல்லை. போன் போட்டு, "ஒழுங்கா மாட்டுங்கம்மா" என்று கத்திவிட்டு வைத்தேன். மறுபடி மிஸ்டு கால். மறுபடி ஒன்றும் இல்லை. மறுபடி கத்தினேன். மூன்றாவது மிஸ்டு காலுக்கும் ஒன்றும் இல்லை. "ஒரு பின்னைக்கூட மாட்டத் தெரியாதா?" என்று நான் போனில் கேட்டது, நடையில் உட்கார்ந்திருந்த நோயாளிகளுக்குக்கூடக் கேட்டிருக்கும்.

கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவே இறங்கி வந்துவிட்டார். நான் அப்போதும் குச்சியை ஒரு ஓட்டையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். வாசலில் நின்று, என் முகத்துக்கு நேராக, இந்த முறை நன்றாகச் சத்தமாகச் சொன்னார்.

"மாட்டிட்டுதான் சார் வந்தேன். அதான் கத்திக்கினே இருக்குதே."

"எது?"

"உங்க கையில இருக்கிறது. நான் படி இறங்கும்போதே கேட்டிச்சு. இப்பவும் கத்துது பாருங்க."

கையைப் பார்த்தேன். குச்சி சும்மா இருந்தது. "சந்தனம் அடைச்சிக்கினு இருக்குது. அதனால சரியா வராது" என்றேன். அவர் கிட்டே வந்து ஸ்பீக்கரைக் குனிந்து பார்த்தார். "சந்தனம் எங்க சார் இருக்குது? சுத்தமாத்தான் இருக்குது. காது கிழியுதே."

காலையிலிருந்து யார்மேல் எல்லாம் கத்தினேனோ அந்த எரிச்சல் மொத்தமும் சேர்ந்து, யோசிக்காமல் வாயிலிருந்து வந்துவிட்டது: "எனக்கு ஒண்ணும் கேக்கல போதுமா!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. மனைவியிடம் சொல்லாததை, மகளிடம் சொல்லாததை, அங்கே மாப்பு போடுகிற முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்லியிருந்தேன். குச்சியை அணைத்தேன். அது அணைந்ததும் அவர் முகம் நிம்மதியானதைப் பார்த்து, அது அதுவரை எவ்வளவு கத்தியிருக்கும் என்று புரிந்துகொண்டேன்.

அவர் ஆச்சரியப்படவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார். "அப்ப காலையில நான் சொன்னதும் கேக்கலியா சார்?"

"என்ன சொன்னீங்க?"

"இருங்க" என்று போனார்.

மேனேஜர் ரூமில் பூஜைக்கு வைத்த பில் புத்தகங்களும் ரிஜிஸ்டர்களும் சாமி படத்துக்கு முன்னால் மஞ்சள் துணி போர்த்தியபடி அப்படியே இருந்தன. கம்ப்யூட்டர் ஓடாத கவலையில் அன்றைக்கு அதை யாரும் எடுக்கவில்லை. அதற்கு அடியிலிருந்து ஒரு பழைய மாதக் காலண்டர் தாளை உருவிக்கொண்டு வந்தார். தாளின் பின்பக்கம், இரண்டு வரிசையாக, என் லேபிள்கள் ஒட்டியிருந்தன. மேல் வரிசை மேலே, கீழ் வரிசை கீழே, இடமிருந்து வலமாக, பலகையில் இருந்த அதே வரிசை. கீழ் வரிசையில் இரண்டு ஓட்டைகளுக்கு நான் லேபிள் எழுதியிருக்கவில்லை, அவை காலி. அந்த இரண்டு இடத்தையும் அவர் காலியாகவே விட்டிருந்தார்.

"எங்க கோயில்ல இதெல்லாம் கெடையாது சார். ஆனா சரஸ்வதி பூஜை அன்னிக்கு எழுத்து இருக்கிறத குப்பையில போடக்கூடாது, கால் படக்கூடாதுன்னு இங்க அல்லாரும் சொல்லுவாங்க. அதான் பிய்க்க பிய்க்க அப்பிடியே இதுல ஒட்டிக்கினு வந்து, புஸ்தகத்தோட சாமிகிட்ட வெச்சிட்டேன். அதத்தான் காலையில சொன்னேன். ரெண்டு வாட்டி சொன்னேன். ஒண்ணும் வேணாம், போங்கன்னீங்க. மிஷின் வெச்சிருக்கிறவருக்குக் காகிதம் எதுக்குன்னு நானும் வுட்டுட்டேன். அப்புறம் பேசவே வேணாம், மிஸ்டு கால் குடுன்னீங்க. நீங்க வேற ரொம்பக் கோவமா இருந்தீங்க."

கோபத்தை யார்மேல் போடலாம் என்று அப்போதும் தேடினேன். ஒருவரும் கிடைக்கவில்லை. மேனேஜர் சுத்தம் செய்யச் சொன்னார், தப்பில்லை. இந்த அம்மா பிய்த்தார், ஆனால் நான் என் தொழிலில் பார்த்த எந்த ஆளையும்விட ஒழுங்காகப் பிய்த்திருக்கிறார். என் மனைவி சந்தனம் வைத்தாள், அது ஊக்கால் போய்விட்டது. அரைநாளாக அந்த மருத்துவமனையில் பழுதாக இருந்தது என் காது ஒன்றுதான். ரொம்ப அவமானமாக இருந்தது.

"மன்னிச்சிக்கங்கம்மா" என்றேன். "பின் மாட்டத் தெரியாதான்னு கேட்டுட்டேன்."

"அத வுடுங்க சார். எங்க வூட்டுக்காரரு நெல்லு மில்லுல இருந்தவரு. மில்லு எரைச்சல்ல காது போயி, அவரும் இப்பிடித்தான் எதச் சொன்னாலும் தலைய தலைய ஆட்டுவாரு" என்றார். "காலையில நீங்க சரி சரின்னப்பவே நான் புரிஞ்சிக்கினு இருக்கணும்."

மிச்ச வேலை முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அவர் தாளைப் பார்த்து ஒவ்வொரு லேபிளாகச் சத்தமாகப் படித்தார். ஆங்கிலத்தில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தார். நான் குட்டி வயர்களைப் பிடுங்கிச் சரியான பெட்டிகளில் மாட்டினேன். டிரேசரால் நான் கண்டுபிடித்த ஐந்தில் மூன்று தப்பாக இருந்தது. மூன்று மணிக்கு லேப் ரிப்போர்ட் வந்தது, எக்ஸ்ரே படம் வந்தது. மேனேஜர் ஓடி வந்து, "மிஷின்ல புடிச்சிட்டீங்களா சார்?" என்றார். "மிஷின் இல்ல, இவங்க எடுத்து வெச்ச லேபிள்" என்று தாளைக் காட்டினேன். அந்த அம்மா என் காதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மாப்பை எடுத்துக்கொண்டு, நாங்கள் தரையில் சிந்திய சந்தனத்தைத் துடைக்க ஆரம்பித்தார். நான் பையைக் கட்டும்போது மட்டும், என் இடது பக்கமாக வந்து நின்று, "காட்டிடுங்க சார்" என்றார். எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று அதற்குள் கண்டுபிடித்திருந்தார்.

வீட்டுக்கு வரும்போது விளக்கு வைக்கும் நேரம். மனைவி போனில் பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "பொண்ணு" என்று வாயசைத்து போனை நீட்டினாள். வழக்கமான வசனம் தொண்டைவரை வந்துவிட்டது. 'நல்லா இருக்கியாம்மா, இரு' என்று ஆரம்பித்தால் அரை நிமிஷத்தில் தப்பித்துவிடலாம். போனை வாங்கி இடது காதில் வைத்தேன். அந்தப் பக்கம் ஏதோ நூல் மாதிரி ஓடியது.

"கண்ணு, இரு" என்றேன். "நீ சொல்றது எனக்குக் கேக்கல. ரொம்ப நாளாவே கேக்கல. அப்பாவுக்குக் காது சரியில்ல. கொஞ்சம் சத்தமா சொல்லு."

மனைவி அடுப்படிப் பக்கம் போனவள் அப்படியே நின்றாள். போனில் ஒன்றும் வரவில்லை. கட்டாகிவிட்டதோ என்று எடுத்துப் பார்த்தேன், நொடி ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிறகு என் மகள் ஹாஸ்டல் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"அப்பா, எம்மேல ஏதோ கோவமா இருக்கீங்க, அதான் பேச மாட்டேங்கறீங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேம்பா."

ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. கேட்காமலே இருந்திருக்கலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. நான் சேர்த்துவைத்த கோபக்காரன் என்ற பேர் ஊரில் யார் யாரிடமோ போய்ச் சேர்ந்ததைப் பற்றித்தான் யோசித்திருந்தேன். பாண்டிச்சேரிக்கும் போயிருக்கும் என்று யோசிக்கவில்லை.

"உம்மேல இல்லம்மா" என்றேன். என் குரல் எழும்பவில்லை.

"என்னப்பா? கேக்கல" என்றாள்.

திரும்பச் சொன்னேன்.